ஒதுங்க இடம் தராத கரை

புயல் சின்னம் வலுத்தால் சென்னைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். 1, 2 என்றால் தொலைதூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரிய அபாயம். 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். தொலைக்காட்சியில் கூண்டு எண்ணைச் சொன்னதும் மயிலாப்பூரில் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் தீர்ந்துபோகும். துறைமுகத்துக்குள் அதே நேரத்தில் நடப்பது பலருக்குத் தெரியாது. மேடையோடு கட்டிக் கிடக்கும் பெரிய கப்பல்களைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடுக்கடலுக்குப் போய்விடச் சொல்வார்கள்.

புயல் வரும்போது துறைமுகத்தை விட்டு வெளியே போவதா? கரையில் வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். கப்பல்காரர்களுக்கு அப்படியல்ல. மேடையோடு கட்டிய கப்பல் சுவரில் மோதி மோதித் தன்னையும் உடைக்கும், மேடையையும் உடைக்கும். ஆழ்கடலில் அலை எவ்வளவு உயர்ந்தாலும் பெரும்பாலும் ஏறி இறங்கிப் போய்விடும். கப்பலுக்கு ஓட இடமும் இருக்கும். கடலோடிக்கு ஆபத்து கடலில் குறைவு, கரையில் அதிகம். சோழமண்டலக் கரையில் இது இரட்டிப்பு உண்மை.

படகில் கரையோரமாகப் போகிறவர் மனதில் எப்போதும் ஓடும் கேள்வி, காற்று திரும்பினால் எங்கே ஒதுங்குவது என்பதுதான். மேற்குக் கரையில் இதற்கு விடை சுலபம். மும்பை, கோவா, கொச்சி எல்லாமே நிலத்துக்குள் நுழைந்த நீர்நிலைகள். கிழக்கே விசாகப்பட்டினத்தில்கூட டால்பின்ஸ் நோஸ் என்ற குன்று கடலுக்குள் மூக்கை நீட்டி ஒரு மறைவைத் தருகிறது. திருவல்லிக்கேணியிலிருந்து சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் வழியாகத் திருவான்மியூர் வரை பாருங்கள். விரிகுடா இல்லை, முனை இல்லை, தீவு இல்லை. வடக்கு தெற்காக ஒரே நேர்கோடு.

இந்த நேர்கோடு தற்செயல் அல்ல. கரையில் கடினப் பாறை இருந்தால் அலை அதை விட்டுவிட்டு மென்மையான பக்கத்தைத் தின்னும். அப்படித்தான் முனையும் குடாவும் பிறக்கின்றன. இங்கே கரை முழுக்க ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும். நீட்டிய இடத்தை அலை அரிக்கிறது, உள்வாங்கிய இடத்தை மணலால் நிரப்புகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இந்த வேலை நடந்த பிறகு மிஞ்சுவது நேர்கோடுதான்.

கரையை நெருங்குவதே ஒரு சோதனை. ஆழ்கடலில் அலை கடந்து போகும்போது தண்ணீர் அதோடு சேர்ந்து ஓடுவதில்லை. இருந்த இடத்திலேயே ஒரு வட்டமடித்துத் திரும்புகிறது. ஆழம் குறையக் குறைய அந்த வட்டம் தரையில் உரசுகிறது. அலை வேகம் இழக்கிறது, பின்னால் வருவது முன்னதை நெருங்குகிறது, முகடு உயர்கிறது. தண்ணீரின் ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும் இடத்தில் முகடு நிலைகுலைந்து மடிந்து உடைகிறது. ஒன்றரை மீட்டர் அலை என்றால் அது சுமார் 2 மீட்டர் ஆழத்தில் நடக்கும். கடலில் நெடுந்தூரம் போகும் பாய்மர உல்லாசப் படகின் ஏராக்கட்டை தண்ணீருக்கு அடியில் இறங்கியிருக்கும் அளவும் ஏறக்குறைய அதேதான். அலை உடையும் இடமும் படகு தரை தட்டும் இடமும் ஒன்றே என்றால், அந்தப் படகுக்கு மெரினாவில் ஒரு வேலையும் இல்லை.

மயிலாப்பூர் பழைய துறைமுகப்பட்டினம் என்று படித்திருக்கிறோம். சுவரும் கிரேனும் வைத்து அந்தத் துறைமுகத்தைக் கற்பனை செய்யக் கூடாது. துறைமுகம் என்றால் கரையிலிருந்து 2 கிலோமீட்டர் அளவில், நல்ல ஆழத்தில் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கும் திறந்த கடல், அவ்வளவுதான். போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் சாந்தோமில் குடியேறியபோதும், 1639இல் ஆங்கிலேயர் வடக்கே கோட்டைக்கு இடம் வாங்கியபோதும் நிலைமை இதுவே. லஸ் பகுதியில் இருக்கும் பிரகாச மாதா ஆலயத்தின் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைச் சொல்கிறது. புயலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு அதை நோக்கி வந்து பிழைத்தார்கள் என்பது அந்தக் கோயிலின் கதை. நம்பிக்கையை விட்டுவிட்டுக் கடலோடியின் கண்ணால் பார்த்தால் அந்தக் கதையில் ஒரு கலக்கமான இடம் இருக்கிறது. இந்தக் கரையில் ஒளியை நோக்கி நேராக வருகிறவன் முதலில் சந்திக்கப் போவது உடையும் அலையை. மாதா அவர்களை அலையையும் தாண்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

அலையைத் தாண்டும் அந்த வேலையைப் பிற்காலத்தில் தினமும் செய்தவர்கள் மசூலாக்காரர்கள். மசூலாப் படகில் ஓர் ஆணி கிடையாது, உள்ளே விலா எலும்புச் சட்டமும் கிடையாது. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்து, இடுக்கில் வைக்கோலை வைத்து இறுக்கியிருப்பார்கள். தட்டையான அடி. ஆங்கிலேயர் கப்பலோடு கொண்டுவந்த ஆணியடித்த படகு தரையில் இடித்தால் பலகை பிளக்கும்; மசூலா வளைந்து கொடுக்கும், தையல் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் வரும், இறைத்துக் கொட்டிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிடும். முறுக்கிக் கட்டிய உறுதியைவிட நெகிழ்ச்சி உதவும் இடம் இது என்று கண்டுபிடித்தவர் யாரென்று எந்த ஆவணத்திலும் பெயர் இல்லை. கவர்னரும் இப்படித்தான் இறங்கினார், குதிரையும் துணி மூட்டையும் இப்படித்தான் இறங்கின.

மசூலாவின் பின்னால் நின்று திசை பிடிக்கும் தண்டேலின் திறமை எல்லாம் காத்திருப்பதில் இருந்தது. கரையில் நின்று பத்து நிமிடம் கவனித்தால் நமக்கும் தெரியும்: அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. நாலைந்து பெரியதாக வரும், பிறகு கடல் சற்று அடங்கும், மறுபடி பெருக்கும். வெகு தொலைவில் பிறந்து வரும் அலைத்தொடர்கள் சற்றே மாறுபட்ட கால இடைவெளி கொண்டவை. இரண்டின் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அலை பெரிதாகிறது; ஒன்றின் முகடு மற்றதன் பள்ளத்தில் விழும்போது இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. தண்டேல் உடையலைக்கு வெளியே துடுப்பை நிறுத்திவைத்து அந்த அடங்கும் கணத்துக்குக் காத்திருப்பார். அது வந்ததும் ஒரு குரல். எல்லாத் துடுப்பும் ஒரே இழுப்பில். பயணி தவறி விழுந்தால் அள்ளிப்போட அருகிலேயே கட்டுமரங்கள் வரும்.

கட்டுமரம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான விடை. அதற்கு நிறுத்துமிடமே வேண்டாம். எடை குறைந்த மரத்துண்டுகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. உள்ளே குழிவே இல்லாததால் தண்ணீர் புகுந்து மூழ்காது, அலை மேலே ஏறி இடுக்குகள் வழியாக வடிந்துவிடும். கரை வந்ததும் கட்டை அவிழ்த்துத் துண்டுதுண்டாகத் தூக்கிப்போய் மணலில் காயவைத்துவிடலாம். ஒதுங்கும் துறையைத் தேடாமல் படகையே கடலிலிருந்து எடுத்துவிடுகிற ஏற்பாடு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்தன. கட்டுமரம் வேகமாகக் குறைந்தது. ஆனால் நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் இன்றைக்கும் படகு நிற்பது மணல்மேல்தான். திரும்பி வரும் ஃபைபர் படகு உடையலைக்கு வெளியே எஞ்சினை உறுமவிட்டு நிற்கும். பெரிய அலை ஒன்று போனதும் அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு முழு வேகத்தில் வரும். மூக்கு மணலைத் தொடும் முன் எஞ்சினின் நீண்ட தண்டைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் விசிறி மணலில் சிக்கும். பின்னால் வரும் அலையே கடைசியாக ஒரு தள்ளு தள்ளிக் கரையேற்றும். அதன் பிறகு ஆட்கள்.

இந்தக் குப்பங்களில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வடக்கு, வடகிழக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம் வன்னி, தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி. நங்கூரம் போடுகிறவனுக்கு இதெல்லாம் தெரிந்தே ஆக வேண்டும், ஏனென்றால் பயப்பட வேண்டிய காற்று எது என்பதை இந்தப் பெயர்கள்தான் சொல்கின்றன. கச்சான் அடித்தால் படகு கடலை நோக்கித் தள்ளப்படும். கயிறு அறுந்தாலும் சமாளிக்கலாம். வாடையும் கொண்டலும் கரையை நோக்கித் தள்ளும். பழைய பாய்க்கப்பல்களுக்கு இது மரணப்பொறி. சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்று வரும் திசைக்கு அறுபது, எழுபது பாகையைவிட நெருங்கி ஓட முடியாது. வடகிழக்குக் காற்று பலமாகிவிட்டால் கரையிலிருந்து விலகவே வழி இருக்காது. அதனால் அக்டோபர் பிறந்ததும் ஆங்கிலேயக் கடற்படை சென்னைக் கடலை விட்டுப் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ கிளம்பிவிடும். திருகோணமலைக்காக 1782இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டதற்குக் காரணம் அந்த ஊரின் அழகு அல்ல. இந்தப் பக்கத்தில் எந்தப் பருவத்திலும் கப்பல் படை பத்திரமாக ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம் அது ஒன்றுதான்.

கிளம்பாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1746 சாட்சி. அந்தச் செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார். பிடித்த ஊரை என்ன செய்வது என்று புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயோடு சச்சரவிட்டபடி அக்டோபர் வரை கப்பல்களோடு இங்கேயே நின்றார். ஒரு புயல் வந்தது. ஓர் இரவில் கப்பல்கள் மூழ்கின, மாலுமிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். கோட்டை பீரங்கிகளால் முடியாததை வாடைக்காற்று முடித்துவைத்தது.

நங்கூரத்தின் பலம் அதன் கொம்பில் மட்டும் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். பாதி பலம் சங்கிலியில் இருக்கிறது. தண்ணீரின் ஆழத்தைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாமல் சங்கிலியை விட வேண்டும் என்பது படகோட்டிகளின் பொது விதி. காற்று பலத்தால் ஏழு மடங்கு, அதற்கும் மேல். கனத்த சங்கிலி தரையில் படுத்துக் கிடக்கும்போது நங்கூரத்தின்மேல் விழும் இழுப்பு கிடைமட்டமாக இருக்கும். கொம்பு மேலும் மேலும் மண்ணுக்குள் புதையும். காற்று ஏற ஏறச் சங்கிலி தரையை விட்டு எழுந்து விறைக்கிறது. இழுப்பு மேல்நோக்கித் திரும்புகிறது. அந்த நிமிடம் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். பிறகு அது மணலில் கோடு கிழித்துக்கொண்டே வரும். கெட்டியான சேறு நங்கூரத்தை நன்றாகப் பிடிக்கும். இளகிய மணல் அவ்வளவு நம்பகமில்லை.

2012 அக்டோபர் 31 அன்று பெசன்ட் நகர்வாசிகள் இந்தப் பாடத்தைக் கண்ணெதிரே பார்த்தார்கள். நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறிய நாள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் இழுபட்டுத் தெற்கே நகர்ந்து எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்டியது. வடகிழக்குக் காற்று கப்பலை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்குமோ அங்கேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் படகு கவிழ்ந்து உயிரிழந்தார்கள். கப்பலிலேயே இருந்தவர்கள் பிழைத்தார்கள். மணலில் குந்திய இரும்புக் கப்பல் உடனே உடையாது, உடையலையில் சிறு படகு உடனே கவிழும். மசூலாக்காரர் எவரிடம் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். கப்பலை மீட்டு இழுத்துப்போகப் பத்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஊரே திரண்டு சுண்டலோடு வேடிக்கை பார்த்தது.

அந்தக் கப்பல் தட்டிய இடத்துக்குச் சற்று வடக்கே அடையாறு கடலில் சேர்கிறது. வரைபடத்தில் பார்க்கிற யாருக்கும் தோன்றும்: இதோ ஒரு ஆற்றுமுகம், உள்ளே அகன்ற நீர்ப்பரப்பு, நடுவில் குவிபிள் தீவு, தென்கரையில் பிரம்மஞான சபையின் மரங்கள். படகுக்கு இதைவிட நல்ல ஒதுக்கிடம் ஏது? உள்ளே போய்விட்டால் உண்மைதான். 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இந்த ஆற்றில்தான் துடுப்புப் படகு ஓட்டுகிறது. சிக்கல் வாசலில் இருக்கிறது. முன்பு சொன்ன அதே 1746 அக்டோபரில் பாரடி தலைமையிலான சிறு பிரெஞ்சுப் படை, எதிர்க்கரையில் ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பெரும் படை நிற்கும்போதே, இந்த ஆற்றில் இறங்கி நடந்து கடந்து அதைத் தோற்கடித்தது. இந்திய ராணுவ வரலாற்றில் அந்தச் சண்டைக்குப் பெரிய இடம் உண்டு. எனக்கு அதில் பிடித்தது வேறு தகவல்: படை நடந்து கடக்கக்கூடிய முகத்துவாரத்தில் எந்தக் கப்பலும் நுழைய முடியாது.

முகத்துவாரம் திறந்திருக்குமா மூடிக்கொள்ளுமா என்பது ஒரு போட்டியின் முடிவு. கடல் ஏறி இறங்கும்போது வாசல் வழியாகப் போய்வரும் தண்ணீர் மணலை வெளியே துடைக்கிறது. கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும் மணல் வாசலை அடைக்கிறது. பெர் ப்ரூன் என்ற கடற்கரைப் பொறியியலாளர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒரு ஏற்றவற்றத்தில் வாசல் வழியாகப் புகும் தண்ணீரின் கன அளவு, ஓர் ஆண்டில் கரையோரம் நகரும் மணலின் கன அளவைப் போல 150 மடங்காவது இருந்தால் வாசல் நன்றாகத் திறந்திருக்கும். 50க்குக் கீழே போனால் மோசம். அடையாற்றுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் கடல் ஏற்றவற்றம் சுமார் 1 மீட்டர்தான். உள்ளே தண்ணீர் பரவும் இடம் 1 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஏற்றத்தில் புகுவது 10 லட்சம் கன மீட்டர். கரையோரம் நகரும் மணலை ஆண்டுக்கு 3 லட்சம் கன மீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் விகிதம் 3ஐச் சற்றுத் தாண்டும். 150 எங்கே, 3 எங்கே. வாசல் அடைபடுவதில் ஆச்சரியமில்லை. மழைக்காலம் தவிர மற்ற நாளில் திறந்திருந்தால்தான் ஆச்சரியம். அதனால்தான் பொக்லைன் வைத்து மணலைத் தோண்டிக் கடலுக்கு வழிவிட வேண்டியிருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் ஆறு தன் வாசலைத் தானே உடைத்துக்கொள்ளும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு, அந்த ஆண்டு நாம் எல்லோரும் பார்த்த வெள்ளம் இந்த வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போனது. வெள்ளம் வடிந்ததும் மணல் மறுபடி தன் வேலையைத் தொடங்கும். முகத்துவாரத்தில் 1967இல் கட்டி 1977இல் உடைந்துபோன பாலம் பாதியில் நிற்கிறதே, அது சினிமாப் படப்பிடிப்புக்கு உதவுகிற அளவுக்குப் படகுக்காரருக்கு உதவுவதில்லை.

கரையில் ஒதுங்க முடியாது, ஆற்று வாசலிலும் நுழைய முடியாது. அப்படியானால் கரைக்குப் பின்னாலேயே ஒரு நீர்வழி வெட்டிக்கொண்டால் என்ன? 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு ஒரு கால்வாய் வெட்டினார்கள். அது வடக்கே ஆந்திரத்தின் பெத்த கஞ்சம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டு சுமார் 420 கிலோமீட்டர் ஆயிற்று. நடுவில் விட்டுப்போன துண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட சுமார் 8 கிலோமீட்டர். அதை 1877, 78 தாதுவருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகப் பட்டினி கிடந்தவர்களை வைத்தே வெட்டி முடித்து, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். மயிலாப்பூருக்கு நெல்லும் விறகும் உப்பும் காய்கறியும் படகில் வந்து இறங்கின. தண்ணீர்த்துறை மார்க்கெட் என்ற பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. புயலில்கூடப் படகை ஒரு மரத்தில் கட்டிவிட்டுத் தூங்கக்கூடிய இடம் தென்சென்னையில் இதுவரை அது ஒன்றுதான் இருந்தது. அதைச் சாக்கடையாக்கி, அதன்மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் இறக்கிவிட்டோம். திருமயிலை நிலையத்தின் நடைமேடையில் நிற்கிறவர் ஒரு பழைய படகுத்துறைக்கு மேல் நிற்கிறார் என்பது மூக்குக்கு மட்டும் தெரிகிறது.

கடைசியாக, சுவர் எழுப்புவது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் போட்ட திட்டம் எளிமையானது: கரையிலிருந்து கடலுக்குள் இரண்டு கல் கைகளை நீட்டி, முனைகளை வளைத்து, கிழக்குப் பார்த்து ஒரு வாசல் விடுவது. 1881 நவம்பர் 12ஆம் தேதிப் புயல் வேலையின் பெரும் பகுதியைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். அலையைத் தடுப்பதில் சுவர் வென்றது. பார்க்ஸ் சரியாக எடைபோடாத எதிரி மணல்.

சென்னைக் கரையில் மணல் ஏறக்குறைய மார்ச் முதல் அக்டோபர் வரை வடக்கே நகரும். வாடைக்காலத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக்கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். தென்கிழக்கிலிருந்து சாய்வாக வரும் அலை மணலைச் சாய்வாக மேலே ஏற்றுகிறது, திரும்பும் தண்ணீர் நேராகக் கீழே இறக்குகிறது. ஒவ்வொரு மணல் துகளும் இப்படி ஏறி இறங்கியே வடக்கே போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பாதையில் குறுக்கே தெற்குக் கையை நீட்டியதும் மணல் அதன் பின்னால் குவிந்தது. கரை கடலுக்குள் வளர்ந்தது. 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியை இறக்கி வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் அப்போது அலைக்கு அருகில் இருந்தது. இன்று அதன் வாசலில் நின்றால் கடல் எங்கோ இருக்கிறது. முந்நூறு மீட்டருக்கு மேல் அகலமான மெரினா மணல், வடக்கே போக வேண்டிய சரக்கு. ராயபுரத்துக்கு மேலே அந்தச் சரக்கு வந்து சேராததால் கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கியது. கற்சுவரும் தூண்டில் வளைவுகளும் போட்டுப் போட்டு அங்கே இன்னமும் சமாளிக்கிறார்கள். நமக்குக் காற்று வாங்க இடம் கிடைத்ததற்கும் ராயபுரத்துக்காரருக்கு வீடு போனதற்கும் கணக்குப் புத்தகம் ஒன்றே. இதை மயிலாப்பூர்ப் பக்கத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

மணல் தெற்குக் கையைச் சுற்றி வந்து கிழக்கு வாசலையும் அடைக்க ஆரம்பித்தது. 1904இல் துறைமுகத்தின் பொறுப்பை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாசலை மூடிவிட்டு வடகிழக்கில் புது வாசல் திறந்தார். மணல் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டுகிற வாசல். அதே ஸ்பிரிங் 1911இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பையும் தொடங்கினார். துறைமுகத்துக்குள் ஸ்பிரிங்ஹேவன் என்ற மூலையில் அதன் பாய்மரப் படகுகள் இன்னும் இருக்கின்றன. கோடிக்கணக்கில் செலவழித்து அமைதிப்படுத்திய தண்ணீரில் தன் பொழுதுபோக்குக்கும் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்ட பொறியாளரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தென்சென்னைக்காரர் பாய்மரப் படகு ஓட்ட ஆசைப்பட்டால் கடல் பக்கத்திலேயே இருந்தும் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

அங்கிருந்து தெற்கே கரையோரமாகப் போகிறவருக்கு வாடை தணியும் பிப்ரவரி நல்ல காலம். காற்று பின்னாலிருந்து மெல்லத் தள்ளும். மெரினா கலங்கரை விளக்கம் 1977 முதல் வழிகாட்டுகிறது. அதை வைத்து இடம் தெரிந்துகொண்டு விலகியே போக வேண்டும். முதல் மறைவு கோவளம். ஒரு பாறை முனை சற்றே கடலுக்குள் நீண்டிருக்கிறது. தெற்கிலிருந்து வரும் அலை அந்த முனையைச் சுற்றி வளையும்போது விசிறிபோல் விரிந்து வலுவிழக்கிறது. முனைக்கு வடபுறம் பகலில் நங்கூரமிட்டுச் சோறு சாப்பிடலாம். வாடைக்கு அந்த இடம் திறந்தே கிடக்கிறது, இரவு தங்குவதற்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மணிக்கு 9, 10 கிலோமீட்டர் ஓடும் படகுக்கு அடுத்த சுவர் வைத்த துறை புதுச்சேரி, சென்னையிலிருந்து ஒரு பகலும் இரவின் ஒரு பகுதியும். அங்கேயும் சென்னைக் கதைதான்: 1980களில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் அலைத்தடுப்புச் சுவர் கட்டியதும் வடக்கே நகரக் கடற்கரையின் மணல் காணாமல் போனது, துறைமுக வாயிலும் தூர்ந்துகொண்டே இருக்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே வேறு மாதிரி முயன்றது. தண்ணீருக்கு மேல் தலைகாட்டாத செயற்கைத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கினார்கள். அலை அதன் மேலே ஏறிப் பலமிழந்து வரும், மணல் படியும். தலைமைச் செயலகத்தின் முன்னால் பல ஆண்டுகளுக்குப் பிறகு மணல் திரும்பியது. அலையை முழுவதும் நிறுத்தாமல் பாதி விடுகிற இந்தச் சமரசம் எனக்குக் கற்சுவரைவிட நம்பிக்கை தருகிறது.

கடலூர், பரங்கிப்பேட்டை ஆற்றுமுகங்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் படகில் இல்லாமல் நுழையக் கூடாது. மணல் திட்டு போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது. கோடியக்கரையைத் திரும்பினால் காட்சி மாறிவிடும். பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். இலங்கை ஒரு பக்கம் மறைப்பதால் வங்காள விரிகுடாவின் நெடிய அலை உள்ளே வருவதில்லை. ராமேசுவரம் தீவு குறுக்கே படுத்து வடகடல், தென்கடல் என்று தண்ணீரை இரண்டாகப் பிரிக்கிறது. வாடைக்காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் குளமாகக் கிடக்கும்; கச்சான் காலத்தில் நேர்மாறு. மீனவர்கள் பருவம் பார்த்துப் படகுகளைப் பக்கம் மாற்றிக்கொள்வார்கள். உயர்ந்த பாய்மரம் கொண்ட படகு பக்கம் மாற வேண்டுமானால் பாம்பன் பாலம் திறக்க வேண்டும். 1914இல் திறந்த பழைய பாலம் இரண்டு கைகளையும் மேலே விரித்து வழிவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் 72.5 மீட்டர் நீளத் துண்டை அப்படியே 17 மீட்டர் மேலே தூக்குகிறது. படகுகள் சேர்ந்த பிறகு ஒரு நாள் குறித்துத்தான் திறப்பார்கள். தெற்கே போகிறவர் அதுவரை வடகடலில் காத்திருக்க வேண்டும், அதனால் டிசம்பரில் அங்கே போய் நிற்காமல் வாடை ஓய்ந்த பிறகு போய்ச் சேரும்படி சென்னையிலேயே கணக்குப் போட்டுக் கிளம்புவது நல்லது.